கேட்டில் பேசும் மாஸ்டர்

கால்பந்து மாஸ்டர் தேவசகாயம் இறந்த மறு வருஷம், அவருடைய வியாசர்பாடி வீட்டு கேட்டில் நினைவுக் கல் பதித்தார்கள். இப்போதெல்லாம் ஊரில் பெரிய மனிதர்களின் கற்கள் பேசுகின்றன. வந்து நிற்பவர்களிடம் மாஸ்டரும் அதே கரகரத்த குரலில் பேசினார்.

அவரிடம் சின்ன வயசில் பந்து பழகிய டெல்லிபாபு ஒரு சாயங்காலம் வந்தான்.

"மாஸ்டர், ஃபைனல்ல பெனால்டிய வெளிய அடிச்சேனே, ஞாபகம் கீதா?"

"நல்லா முயற்சி பண்ணீங்க தம்பி. வாழ்த்துகள்," என்றது கல்.

டெல்லிபாபுவின் முகம் வாடிவிட்டது. வாசலில் நின்ற மாஸ்டரின் மனைவி ரோசலினைப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, ஒரு திட்டு கூட வரல. இது மாஸ்டரே இல்ல."

கல் பதித்தவர்கள் மாஸ்டருடைய பழைய குரல் பதிவுகளைக் கேட்டு ரோசலினிடம் வந்தபோது, அவர் கத்தியதையும் திட்டியதையும் ஒன்று விடாமல் அழித்துவிட்டுத்தான் கொடுத்தாள். நாலு பேர் வந்து நிற்கிற இடத்தில் மனுஷனுக்கு மரியாதை வேண்டாமா என்று அன்றைக்குத் தோன்றியது. தனக்கென்றுகூட எதையும் எடுத்து வைக்கவில்லை.

அவன் போனதும் கேட்டை அகலத் திறந்து போட்டாள். மாஸ்டர் உயிரோடு இருந்தவரை அதைப் பார்த்தால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார்: "எத்தினி தபா சொல்றது, கேட்ட சாத்துடி ரோசி, மாடு வந்து செடியத் தின்னுடப் போவுது." ரோசி என்று அவர் கூப்பிட்டதெல்லாம் அப்படித் திட்டும்போதுதான்.

அவள் கல்லுக்கு முன்னால் காத்து நின்றாள்.

"வணக்கம்மா," என்றது கல். "எங்கேருந்து வர்றீங்க?"