நின்றவர் பெயர்

"கொஞ்சம் நில்லும்மா, கால் எரியுது" என்று அக்கா மறுபடியும் சொன்னார். அன்றைக்கு அது நான்காவது தடவை. இன்னும் அறுபது வீடு பாக்கி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது எங்கள் வேலை. இரண்டு பேராகத்தான் போக வேண்டும். இருபது வருடமாக நடக்கிற அக்கா குனிந்து, மூடியைத் திறந்து, எண்ணைப் படிப்பார். புதிதாகச் சேர்ந்த நான் எழுதுவேன். ஆபீசில் அக்காவுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தாளின் அடியில் ஒரு கட்டம் உண்டு. நின்ற நேரம், நின்றவர் பெயர், காரணம். வழியில் யார் உட்கார்ந்தாலும் அதில் ஏற வேண்டும். பழைய ஆட்கள் பெயர் ஏறினால் மேலாளரிடம் திட்டு வாங்குவதோடு சரி. பயிற்சியில் இருப்பவர் பெயர் மூன்று தடவை ஏறினால் வேலை உறுதியாகாது.

உறுதியானால்தான் ஆபீஸ் காப்பகத்தில் என் எட்டு மாதப் பெண்ணுக்கு இடம். இப்போதைக்கு நாத்தனார் பார்த்துக்கொள்கிறாள். இந்த மாதத்தோடு அவளும் கிளம்புகிறாள். அப்புறம் குழந்தையை விட்டுவிட்டு வர எனக்கு வேறு இடமில்லை.

அதனால் வேலை செய்கிற இடத்தில் என் காலைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

முதல் வாரமே கணுக்காலுக்கு மேல் திட்டுத்திட்டாகச் சிவந்துவிட்டது. ஒவ்வொரு அடிக்கும் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரியும். குழந்தை தவழ்ந்து வந்து என் காலைப் பிடிக்கும்போதெல்லாம் சட்டென்று இழுத்துக்கொள்வேன். ஒட்டிக்கொள்கிற வியாதியாக இருந்தால்? டாக்டரிடம் போகவும் பயம். வெயிலில் நடக்காதே என்று எழுதிக் கொடுத்துவிட்டால்? வீட்டிலும் சாக்ஸைக் கழற்றாமல் திரிந்தேன்.

அக்காவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. லேசாகக் காந்தினாலே நிழல் தேடுவார். உட்கார்ந்தால் வாயும் சும்மா இருக்காது. ஈர சாக்ஸோடு நடந்தால் எரியத்தான் செய்யும், கழுவித் துடைத்துக் காயவிடு என்று எனக்குப் பாடம் நடத்துவார். ஒரு ஜோடி சாக்ஸ் அதிகமாகக் கொண்டுவந்துவிட்டேன், சுமக்க முடியவில்லை, நீயே போட்டுத் தொலை என்பார். தன் ஷூவை மட்டும் கழற்ற மாட்டார். கழற்றினால் கால் வீங்கி மறுபடி உள்ளே நுழையாதாம்.

அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யார் வீட்டு மதிலையோ பார்த்தபடி இருப்பார். அந்த நேரத்தில் நான் அவசர அவசரமாகக் காலைக் கழுவி, சாக்ஸ் மாற்றிக்கொள்வேன். தானாக வருகிற ஓய்வை விடுவானேன்?

எழுந்ததும், "ம், எழுது" என்பார்.

எழுதுவேன். கான்வென்ட் கையெழுத்து. அக்காவின் பெயர் மணிமணியாக, தள்ளி நின்று பார்த்தாலும் படிக்கிற மாதிரி இருக்கும்.

கணவரிடம் பொருமித் தீர்த்தேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு நானே பல்லைக் கடித்து நடக்கிறேன், முடியாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே, இவரோடு சேர்ந்து என் பேரும் கெடப்போகிறது என்றேன். அப்படியானால் வேறு ஆளோடு போகிறேன் என்று கேள் என்றார் அவர். கேட்கத்தான் இருந்தேன்.

அதற்குள் மூன்று வாரம் முடிந்து மேலாளர் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்தக் கட்டத்தில் என் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. வேலை உறுதி என்று கையெழுத்துப் போட்டார். அக்காவின் பெயர் அறுபத்திரண்டு இடத்தில் இருந்தது.

"இந்தப் பொண்ணப் பாத்துக் கத்துக்குங்கம்மா. இவ்வளவு வெயில்ல அது எங்கயாவது உக்காந்துதா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டு, வயசாயிடுச்சு சார் என்றார்.  எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் போய் ஆபீஸ் நர்ஸிடம் காலைக் காட்டுங்கள் என்று மேலாளர் அக்காவை விரட்டினார். அக்கா வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நர்ஸ் அறைக்குப் போனார்.

"முதல்ல இவளப் பாருங்க சிஸ்டர். வேலை உறுதியாயாச்சு, இனி காட்டலாம்."

 என் காலை அக்கா எப்போது பார்த்தார்? மெல்ல சாக்ஸைக் கீழே இறக்கினேன். நர்ஸ் விரலால் அழுத்திப் பார்த்தார். வெயிலில் மணிக்கணக்காக நடக்கிற சிலருக்கு இப்படி வருவதுதான், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு குளிர்ந்த துணி போடு, நாலு நாள் நடக்காமல் இருந்தால் தானாக மங்கிவிடும் என்றார்.

"கைக்குழந்தை இருக்கு சிஸ்டர். அதுக்கு ஒட்டிக்குமா?"

"யாருக்கும் ஒட்டாதும்மா. போய்ப் பிள்ளையத் தூக்கிக் கொஞ்சு."

மூன்று வாரமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அப்படியே இறங்கிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை மறைக்க அக்கா பக்கம் கையைக் காட்டினேன். அவருக்குத்தான் என்னைவிட மோசம், அறுபத்திரண்டு தடவை உட்கார்ந்தார் என்றேன்.

நர்ஸ் அக்காவின் காலடியில் உட்கார்ந்தார். எனக்கு வேண்டாம் சிஸ்டர், விடுங்க என்று அக்கா சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஷூவையும் சாக்ஸையும் உருவிவிட்டார்.

இருபது வருட நடையில் காய்த்து இறுகிப்போன கால்கள். தேடித் தேடிப் பார்த்தும் அவற்றில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை.