மூச்சைப் பிடித்த மலை

ஒரு மலையின் விலாவில் துளை போட்டு, சாய்வை அளக்கும் சென்சார் ஒன்றை இறக்கிவிட்டுப் போனார்கள். மணிக்கொரு தரம் அது கண்விழித்து, மலை எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து, அடிவாரத்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும்.

மலைக்கு இது பிடிக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் அவள் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டு, இடுப்பு சரியத் தொடங்கியிருந்தது. வெளியே தெரிந்தால் ரோட்டை மூடிவிடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முக்கி முனகி வரும் மினி பஸ் வராது. அதன் ஹாரன் கேட்காமல் அவளுக்குப் பொழுதே விடியாது.

அதனால் சென்சார் கண்விழிக்கும் நேரம் பார்த்து, இடுப்பை இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“எப்படி இருக்கீங்க பெரியம்மா?” என்று கேட்கும் சென்சார்.

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்.”

சென்சார் அதை அப்படியே சொன்னது. கம்ப்யூட்டருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. “இந்த அடைமழையில மத்த மலையெல்லாம் ஊறிப்போய் கொஞ்சமாவது அசையுது. இவங்க மட்டும் மயிரிழைகூட அசையலைன்னா, எதையோ மறைக்கிறாங்க.”

மறுநாளே ஆட்கள் வந்தார்கள். ரோட்டை மூடினார்கள். மலைக்குள் குழாய் செருகித் தண்ணீரை வடித்தார்கள். உடம்பு லேசானாலும் மலை சென்சாரோடு பேசவே இல்லை.

மழை விட்டு, ஒரு காலையில் ஹாரன் கேட்டது. ஜன்னலெல்லாம் பிள்ளைத் தலைகளாக, பஸ் அவள் தோளில் ஏறிப் போனது.

சென்சார் தயங்கித் தயங்கிக் கண்விழித்தது. மலை அன்றைக்கு மூச்சைப் பிடிக்கவில்லை.

“இடது பக்கம் லேசா குடைச்சல் இருக்கு” என்றாள். “பஸ் திரும்பி வர்றதுக்குள்ள சொல்லிடு.”