ஆரஞ்சுத் துண்டுகள்

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில், நெட்பால் திடலில் குளிர்கால வெயில் வெளுத்துக் கிடக்கிறது. இன்று பிள்ளைகளுக்கு ஆரஞ்சு நறுக்கிக் கொண்டுவரும் முறை டேரனுடையது. மடியில் ஆரஞ்சு டப்பா, அதன் மூடிமேல் கைபேசி; அதில் ஒரு குதிரைப் பந்தயம் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஈஸ்டருக்குப் பிறகு அவன் பணம் கட்டிய ஒரு குதிரைகூட ஜெயிக்கவில்லை. விட்டதைப் பிடித்ததும் இதைத் தலைமுழுகிவிடுவதாக ஒவ்வொரு சனிக்கிழமையும் தனக்குள் சொல்லிக்கொள்கிறான். திடலில் அவன் மகள் டெய்லா வளையத்தைப் பார்த்துப் பந்தைத் தூக்குகிறாள். கைபேசியில் அவன் குதிரை முந்தி வருகிறது. எல்லைக்கோட்டில் இன்னொன்று மூக்கை நீட்டிவிடுகிறது. "சே! இதுகூட முடியலையா உன்னால?" வாய்விட்டுக் கத்திவிட்டு நிமிர்கிறான். வளையத்தின் விளிம்பில் பட்ட பந்து வெளியே உருண்டு போகிறது. டெய்லா அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து நாற்காலியிலிருக்கும் ஜெனின், இன்னொரு பிள்ளையின் அம்மா, முகத்தைச் சுளிக்கிறாள். "சின்னப் பொண்ணுப்பா அவ. இங்க என்ன குதிரைப் பந்தயமா நடக்குது?" இடைவேளை விசில் ஒலிக்கிறது. பிள்ளைகள் ஆரஞ்சுக்கு ஓடிவந்து மொய்க்கிறார்கள். டெய்லா எல்லோருக்கும் பின்னால், மூக்கு சிவக்க, மெதுவாக வருகிறாள். "ஸாரிப்பா. அடுத்தது கண்டிப்பா போட்டுடறேன், பாரேன்." 'உன்னைச் சொல்லவில்லை' என்று சொன்னால், 'பின்னே யாரை?' என்று கேட்பாள். கைபேசியைக் கவிழ்த்து வைக்கிறான். டப்பாவிலேயே பெரிய துண்டாகத் தேடி எடுத்து அவளிடம் நீட்டுகிறான். "பரவாயில்லடா" என்று சொல்லி, அவளை மன்னிக்கிறான்.