கேசட்டில் இருந்த சுகன்யா

ஆரணி பஜாரில் இருக்கும் கேபிள் டிவி அலுவலகத்தில், பிற்பகல் வெயில் திரையில் விழாதபடி அதன் உரிமையாளர் சிவப்பிரகாசம் ஜன்னலில் ஒரு துண்டைத் தொங்கவிடுகிறார். உள்ளூர் சேனலின் பழைய கேசட் ஓடுகிறது. அதில் இருபது வயது நான்சி நேயர் கடிதம் படிக்கிறாள். அந்த நீலத் திரைச்சீலை, விளக்குச் சூட்டில் தொண்டை வறண்டது, எல்லாமே இப்போது எதிரே உட்கார்ந்து பார்க்கும் நான்சி டீச்சருக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிகழ்ச்சியைத் தனியாக நடத்தியதும்தான். ஆனால் திரையில் அவளை ஒட்டி இன்னொரு பெண் உட்கார்ந்து சிரிக்கிறாள்.

“யாருங்க இது?”

“இன்னாங்க டீச்சர், சுகன்யாவ மறந்துட்டீங்களா? ஒரு வருசம் ரெண்டு பேரும்தானே இந்த நிகழ்ச்சில பேசிகினு இருந்தீங்க. போன மாசம் தவறிட்டாங்க. அவங்க பொண்ணு வந்துகினு இருக்குது. அம்மாவப் பத்தி உங்கள கேக்கணுமாம். அதான் உங்களையும் வரச்சொன்னேன்.”

நான்சி திரைக்கு அருகில் குனிகிறாள். படம் நடுங்குகிறது. இருபது வயது விரல்கள் வெகு இயல்பாக நீண்டு, சுகன்யாவின் தோளில் ஒட்டியிருக்கும் பட்டு நூல் ஒன்றை எடுத்துப் போடுகின்றன. இவ்வளவு நெருக்கமாக இருந்த ஒருத்தி எப்படி மனதில் துளிகூட இல்லாமல் போவாள்? நான்சி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கல்லூரிப் பையோடு ஒரு பெண் வாசலில் வந்து நிற்கிறாள். “ஆன்ட்டி, எங்கம்மா அப்போ எப்டி இருப்பாங்க?”

வாய்வரை வந்த பொய்யை விழுங்கிவிட்டு நான்சி நகர்ந்து இடம் விடுகிறாள்.

“எனக்கு ஞாபகமே வரலம்மா. உக்காரு. நீ பாத்து எனக்குச் சொல்லு.”