மூன்றாவது எண்

"அந்த நாலு வரியை எழுதினவன் விளங்குவானா, மேடம்?"

நேர்முகத் தேர்வுக்குக் காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் இப்படிப் பொரிந்து தள்ளுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. காதோரம் நரைத்தவர். அவளைவிடப் பத்து வயதாவது மூத்தவராக இருப்பார். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று அவளாக வாயைக் கொடுத்ததுதான் வினை.

"மருந்து பார்சல் அனுப்புற கம்பெனி. முகவரியைப் பிரிக்க ஒரு இலவச சாஃப்ட்வேர் லைப்ரரி வச்சிருந்தோம். பதிப்பு எண்ல மூணாவது மட்டும்தானே மாறியிருக்குன்னு நம்பி, புதுசை நானே என் கையால ஏத்தினேன். முன்னாடி தபால் எண் இல்லாத முகவரியை அப்படியே விட்டுடும். புதுசு அந்த முகவரியையே பட்டியல்லேர்ந்து தூக்கிருச்சு. முந்நூறு பேருக்கு மருந்து போகலை. மறுநாள் என்னையும் தூக்கிட்டாங்க."

 அந்த லைப்ரரியை ஆறு வருடமாகச் சம்பளமில்லாமல் கட்டிக் காப்பவள் அவள்தான். பதிப்பு எண்ணில் மூன்றாவது மட்டும் மாறினால், 'சின்னப் பழுதுதான் பார்த்திருக்கிறோம், பழையது எதுவும் கெடாது' என்று அர்த்தம். தொழிலில் அது கொடுத்த வாக்கு மாதிரி. அந்த வாக்கில்தான் அவள் தவறிவிட்டாள்.

இத்தனைக்கும் அந்த நாலு வரி நிரல் அவள் எழுதியதல்ல. 'ஈசல்' என்ற பெயரில் முகம் தெரியாத ஒரு பிள்ளை திருத்தி அனுப்பியது. கல்லூரியில் படிக்கும் பெண்ணாக இருக்கும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. கடிதத்துக்குக் கடிதம் "சரிதானே அக்கா?" என்றுதான் முடிக்கும். அந்தத் திருத்தம் வந்த அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். ஓட்டிச் சோதித்துப் பார்க்காமலே "சரிதான்" என்று வெளியிட்டுவிட்டாள். புகார் வந்த ஐந்து மணி நேரத்தில் பழையபடி மாற்றினாள், தப்பு முழுக்கத் தன்னுடையது என்று ஊரறிய எழுதியும் வைத்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! ஈசலோ அன்றோடு காணாமல் போய்விட்டது. மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை.

"எழுதினவங்க புதுசா இருக்கலாங்க," என்றாள் மெதுவாக. "பார்க்காம வெளிய விட்டவ மேலதான் தப்பு."

"அவங்க என்னங்க பண்ணுவாங்க? நூறு பேர் அனுப்புறதை ஒத்தை ஆளாப் பார்க்கணும். எழுதினவனுக்கு எங்க போச்சு புத்தி? அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பார்த்தா குறைஞ்சா போயிடுவான்? சோம்பேறி! அவனையெல்லாம் கம்ப்யூட்டர் பக்கமே விடக்கூடாது."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே காலியாக இருப்பது ஒரே ஒரு வேலை. உண்மையைச் சொல்லி, இவர் உள்ளே போய் அதை ஒரு வார்த்தை போட்டுக்கொடுத்தால், அந்த வேலை அவளுக்குக் கிடைத்த மாதிரிதான். ஆனாலும் பாவம், எங்கோ இருக்கும் அந்தப் பிள்ளை ஏன் திட்டு வாங்க வேண்டும்?

"அந்தப் பிள்ளையை விட்டுடுங்க. அது என்னோட லைப்ரரி. பார்க்காம விட்டவ நான்தான். உங்க வேலை போனது என்னாலதான். திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

அவர் திட்டவில்லை. மடியிலிருந்த ஃபைலின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

"தெரியுங்க. வாசல் நோட்டுல உங்க பேருக்குக் கீழதான் நான் கையெழுத்துப் போட்டேன்."

"தெரிஞ்சுமா என்கிட்டயே இவ்வளவும் பேசினீங்க?"

"எழுதினவனை நீங்களும் ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா, எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும்." அவர் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "இனிமேலாவது அவன் நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும்ல... சரிதானே அக்கா?"