தட்டு கழுவிய பிள்ளை

"ஏங்க, கேட்டீங்களா இந்த அநியாயத்த? என் புள்ள ஜப்பான்ல ஏனம் கழுவுறானாம்!"

போனை வைத்த கையோடு அந்தோணியம்மாள் போட்ட சத்தத்தில், உப்பளத்திலிருந்து வந்து அப்போதுதான் செருப்பை உதறிய மரியதாஸ் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு, சீலனா?"

"வேற எத்தன புள்ள பெத்து வச்சிருக்கேன் ஜப்பானுக்கு அனுப்ப?"

ஜெயசீலன் ஒரே பிள்ளை. காலேஜில் தேர்ந்தெடுத்து ஒரு வருஷப் படிப்புக்காக ஒசாகாவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கல். மரக்காணத்தில் இருந்தவரை சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போகிறவன். அதற்குப் பிறகு அந்தத் தட்டு என்ன ஆகிறது என்று அவன் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"ஏனம் மட்டுமா? படுத்த படுக்கைய அவனே மடிக்கணுமாம். குளிக்கிற தொட்டிய அவனே தேய்க்கணுமாம். குப்பைய வேற இன்னிக்குப் பேப்பரு, நாளைக்குப் பாட்டிலுன்னு தினுசு தினுசா பிரிச்சி தெருக்கோடியில கொண்டுபோய் வைக்கிறானாம். உப்பு முதலாளி புள்ளைங்க அவன்!"

குத்தகை உப்பளத்தில் தானும் இறங்கி உப்பு வாரிவிட்டு வந்த முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்துக்கொண்டார்.

"எல்லாம் அவன் தங்கியிருக்கிற வீட்டம்மா பண்ற வேல. அடுத்தவ பெத்த புள்ளன்னா இப்படியா வேல வாங்குவா? கல்நெஞ்சக்காரி! பாப்பா, ஐயாவுக்குத் தண்ணி கொண்டா!"

"சரிம்மா."

சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள் பாப்பா. சீலன் கிளம்பிப் போன வாரமே வந்து சேர்ந்த பெண். அவளுக்கு வேறொரு பெயர் உண்டு, வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாசல் பெருக்குவதில் தொடங்கி அடுப்படி கழுவிவிடுவது வரை இப்போது அவள்தான். நேற்று உப்பளத்திலும் கூடை சுமந்தாள். முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது. அவள் வாயிலிருந்து வருவதெல்லாம் அந்த ஒரு 'சரிம்மா'தான்.

தண்ணீர் கொடுத்தவள் வாசலுக்குப் போய், மரியதாஸ் உதறிய செருப்புகளில் ஒட்டியிருந்த உப்புச் சேற்றைத் துடைத்து, தெருவைப் பார்த்தபடி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மரியதாஸ் அவள் போவதையே பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "அடுத்தவ பெத்த புள்ளன்னா..." என்று இழுத்தார்.

"என்னா இழுக்குறீங்க? அவன் போன்ல அழுவுறாங்க. 'வந்துடட்டுமாம்மா'ன்னு கேக்குறான். அப்பாவக் கேட்டுட்டுச் சொல்றேன், அரை மணி கழிச்சிப் பேசுடான்னு சொல்லியிருக்கேன். 'வந்துடு ராஜா'ன்னு சொல்லப் போறேன்."

"பாதியில வந்தா இந்த வருஷப் படிப்பே போயிடும் அந்தோணி."

"போவட்டும். நம்ம உப்பளம் எங்க போவுது?"

மரியதாஸ் தன் பாதங்களைப் பார்த்தார். உப்புத் தண்ணீர் தின்ற வெடிப்புகள். இந்தக் கால் மகனுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் அவனைப் படிக்க வைத்தார். பயமாக இருந்தது அவருக்கு. மகன் விஷயத்தில் இவள் ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் வானத்திலிருந்து சம்மனசு இறங்கி வந்து சொன்னாலும் கேட்கமாட்டாள்.

"பாப்பா, உளுந்து ஊறிடுச்சி பாரு. கரண்ட நம்பாத, ஆட்டுக்கல்லுலயே போட்டு ஆட்டிடு. அப்படியே ஊற வச்ச துணியையும் அலசிடு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அந்தோணியம்மாள். அழுகை நிஜமாகவே வந்தது. "கையெல்லாம் காய்ச்சிப் போச்சிம்மான்னு சொன்னாங்க. பெத்த வயிறு எரியுது."

பின்கட்டில் ஆட்டுக்கல் உருளத் தொடங்கியது. மரியதாஸ் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, வரச் சொல்லு. அப்ப பாப்பா போயிடுவா, பரவாயில்லையா?"

"பாப்பா எதுக்குப் போவணும்?"

"அவன் வந்தா இவ போயிடணும். அதான ஏற்பாடு? பேசி முடிச்சப்ப நீயும்தான பக்கத்துல இருந்த?"

அந்தோணியம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்கட்டு மேடையில் பளபளவென்று கவிழ்த்து வைத்த பாத்திரங்கள் தெரிந்தன. கொடியில் மடிப்புக் கலையாத வேட்டிகள். இத்தனை நாளும் முட்டிவலி தைலப் புட்டியை அவள் தொடவே இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

சுனாமிக்குப் பிறகு வாங்கிய அந்தப் புதுப் போன் மணி அடித்தது. அந்தோணியம்மாள் ஓடிப்போய் எடுத்தாள்.

"சீலா! தே பாரு, ரெண்டு தட்டு கழுவினா கை தேஞ்சா பூடும்? நாலு வேல கத்துக்கிட்டா நாளைக்கு உனக்குத்தான் நல்லது. அந்தம்மா உன்னச் சொந்தப் புள்ளயா நெனைக்கறதாலதான்டா வேல சொல்றாங்க, வேத்தாளுன்னா சொல்லுவாங்களா? தங்கமான மனுஷி. வருஷம் முடியறதுக்குள்ள ஊர்ப் பக்கம் வந்துடாத, ஆமா... ஆங்? அந்தம்மா பக்கத்துல நிக்கிறாங்களா? பேசணுமாமா? இரு, இரு."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு அந்தோணியம்மாள் பின்கட்டைப் பார்த்துக் கத்தினாள்:

"பாப்பா, கையத் துடைச்சிக்கினு ஓடியா! ஒசாகாவுலேர்ந்து உங்கம்மா பேசுறாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு சட்டுனு போ, மாவு பாதியில நிக்குது!"