நாகல் நகர் நார்மல்

"இதெல்லாம் நார்மல், ஜீனத்."

சொல்லிவிட்டு மாமியார் அஜீஸுன்னிசா வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

ஜீனத் மறுபடியும் கையைத் தட்டினாள். அஞ்சு மாதப் பிள்ளை நிஹால் ஃபேனையே பார்த்துக்கொண்டு கிடந்தான். திரும்பவே இல்லை.

"மாமி, இம்புட்டுச் சத்தத்துக்கும் அசைய மாட்டேங்கிறான். காது டாக்டர்கிட்ட ஒருதரம்..."

"ஒம் புருசனும் கைப்பிள்ளையில இப்புடித்தான். இப்ப மட்டும் கூப்பிட்டாத் திரும்புறானாக்கும்? நார்மல்தான், போ."

கான்வென்டில் படித்தபோது அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். நாகல் நகருக்கு வாக்கப்பட்டு வந்த பிறகுதான் அது எத்தனை வேலை பார்க்கிறது என்று தெரிந்தது.

பெட்டிக்கடையில் "நார்மலா?" என்றால் ஐஸில் வைக்காத தண்ணீர். பிரசவம் நார்மல் என்றால் தெருவுக்கே பெருமை. புருசன் மீரானின் பிரியாணிக் கடையில் யாராவது "டேஸ்ட் நார்மல்" என்று சொல்லிவிட்டால், அன்றைக்கு அவன் சோறு தொடமாட்டான்.

மாமி சொன்னால்? வாயை மூடு என்று அர்த்தம்.

சொந்தப் பேரன், வெங்காயத்தைவிடவா கேவலமாப் போயிட்டான்? ஜீனத் துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தைக்கக் குடுத்த துணிய வாங்கிட்டு வாரேன் மாமி" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

வழியெல்லாம் ஹாரன். ஒவ்வொரு ஹாரனுக்கும் அவன் முகத்தையே பார்த்தாள். அவனோ அவள் துப்பட்டா நுனியைச் சப்புவதில் குறியாக இருந்தான்.

டாக்டர் சின்ன மெஷின் ஒன்றைப் பிள்ளையின் காதில் வைத்தார். ஜீனத் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஓதலாம் என்றால் தெரிந்தது அத்தனையும் மறந்துபோயிருந்தது.

"ரெண்டு காதும் நல்லாக் கேக்குதும்மா. ஆளு வேடிக்கை பாக்குறதுல மும்முரம், அம்புட்டுத்தான்."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கூடவே தைரியமும் வந்தது. வீட்டுக்குப் போனதும் மாமியை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

வெளியே நர்ஸ் இன்னாசியம்மாள் நோட்டைப் பிரித்தார்.

"பிள்ளை பேரு?"

"நிஹால். நாகல் நகர்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "நாளைக்குல்ல டோக்கன் போட்டிருக்கு? நீங்க அந்தம்மாவோட மருமகளா?"

"எந்தம்மா?"

"அஜீஸுன்னிசா. முந்தாநாள் வந்தாங்க. ஒங்களுக்குத் தெரியாமப் பிள்ளையத் தூக்கிட்டு வாரேன்னாங்க. 'பால் குடுக்குற பொண்ணு, பயந்தாப் பால் வத்திரும். கெட்ட சேதியா இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க'ன்னு இந்தா, இந்தப் பெஞ்சுல ஒக்காந்து ஒரே அழுகை."